ரிஷிமூலமும் தவளைமூலமும்

தபதி ஆற்றங்கரையில் தொடங்கிக் குமரிமுனை வரை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில்போல் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டில்தான் பெரிதாக வழிவிடுகிறது. முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. வடக்கே நீலகிரி, தெற்கே நெல்லியாம்பதியும் ஆனைமலையும். நடுவே பனைகளும் வயல்களும் கள்ளுஷாப்புகளுமாகக் கிடக்கும் சமவெளியில் சிற்றூரை அடுத்து நல்லேப்பிள்ளி இருக்கிறது. ஆடி மாதத்துக் காற்று இந்த வாசல் வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குள் நுழைகிறது. கோயம்புத்தூருக்கு ரயில் போவதும், ஒரு காலத்தில் படைகள் வந்ததும், வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாகப் பேசும் குடும்பங்கள் இங்கே உருவானதும் இந்தத் திறப்பினால்தான். கொங்கன் படையை வென்ற நினைவைச் சிற்றூர் பகவதி கோயில் இன்றும் திருவிழாவாகக் கொண்டாடுகிறது.

மனிதர்களுக்கு வாசலாக இருந்த இதே இடம் சில பறவைகளுக்கு மதிலாகிவிட்டது. மலையுச்சிச் சோலைக்காடுகளின் நிழலையும் குளிரையும் விட்டு இறங்காத சோலைக்கிளி என்னும் சிறு பறவை நீலகிரியிலும் உண்டு, ஆனைமலையிலும் உண்டு. நடுவில் கிடக்கும் வெயில் காயும் சமவெளியை அது கடப்பதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகள் கடக்காமலே இருந்ததில் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு இனங்களாகிவிட்டன. நீலகிரிப் பறவையின் விலாப்புறத்தில் துருநிறம்; தெற்கத்திப் பறவைக்கு அங்கே நீலச் சாம்பல், வயிறு வெள்ளை. வி.வி. ராபினும் அவருடன் உழைத்தவர்களும் இவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு 2010இல் இந்தப் பிளவை விரிவாக எழுதினார்கள். 2017இல் செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே மூன்றாவதாக ஓர் இனமும் பிரித்தறியப்பட்டது. டார்வின் காலாபகஸ் தீவுகளில் பார்த்ததை இங்கே கடலில்லாமலே பார்க்கலாம். மலைமுடிகள்தான் தீவுகள், நல்லேப்பிள்ளியின் நெல்வயல்தான் கடல்.

பறவையை விடுங்கள், யானைக்கே இந்தக் கணவாய் தடையாக இருந்திருக்கிறது. டி.என்.சி. வித்யா, ராமன் சுகுமார் உள்ளிட்டோர் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி நீலகிரி யானைகளும் ஆனைமலை யானைகளும் மரபணுவில் வேறுபட்ட கூட்டங்கள். வரையாட்டின் கதையும் ஏறக்குறைய இதுவே.

இதையெல்லாம் ஒப்புக்கொண்டால் நல்லேப்பிள்ளியில் விளக்கேற்றும் ஒருவருக்கு என்ன நட்டம்?

ஐரோப்பாவில் நட்டக் கணக்கு தெளிவாக இருந்தது. உலகம் கிறிஸ்துவுக்கு முன் 4004ஆம் ஆண்டில் படைக்கப்பட்டதென்று ஆயர் அஷர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். டார்வினின் நூல் 1859இல் வந்தது. மறு ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டில் ஆயர் வில்பர்ஃபோர்ஸும் ஹக்ஸ்லியும் மோதிக்கொண்டார்கள். 1925இல் அமெரிக்காவின் டெய்ட்டன் நகரில் பரிணாமம் கற்பித்த குற்றத்துக்காக ஓர் ஆசிரியர் கூண்டில் நிறுத்தப்பட்டார். ஆறு நாள் படைப்பு, இளம் பூமி, விலங்குகளினின்று வேறாகப் படைக்கப்பட்ட மனிதன் ஆகிய மூன்றுக்கும் ஆபத்து வந்தது.

இந்த மூன்றில் எதுவும் நம் ஊர்க்காரரைப் பெரிதாக உலுக்காது. காலம் என்றால் நமக்குத் தாராளம். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. (பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டு என்பதோடு இதைப் பொருத்திப் புளகாங்கிதம் அடைபவர்கள் உண்டு. இரண்டு பெரிய எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்ததற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.) விலங்கோடு உறவு என்பதும் அவமானமில்லை. எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் சிற்றூரில்தான் இருக்கிறது. அவருடைய ராமாயணத்தைக் கதையாகச் சொல்வது ஒரு கிளி. கர்க்கடக மாதம் முழுக்க அந்தக் கிளி சொல்ல, குரங்கு கடல் தாண்டுவதைப் பக்தியோடு கேட்கும் வீடுகளில், குரங்கும் நாமும் ஒரே கால்வழி என்பதைக் கேட்டு யாரும் மயங்கி விழப்போவதில்லை.

ஆனாலும் சண்டை வந்தது. 2018 ஜனவரியில் மத்திய மனிதவளத் துறையின் இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனாவதை எவரும் பார்த்ததில்லை என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. 2023இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த அத்தியாயம் வெறும் ‘மரபு’ ஆகச் சுருங்கியது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள்.

இவற்றையெல்லாம்விட விஷயத்தைத் துலக்கியது 2019 ஜூலையில் மக்களவையில் நடந்த ஒரு சிறு உரையாடல். மனித உரிமைப் பாதுகாப்புத் திருத்த மசோதா மீதான விவாதம் அது. நாமெல்லாம் ரிஷிகளின் வழித்தோன்றல்கள், குரங்கின் பிள்ளைகள் அல்லர் என்ற பொருளில் சத்யபால் சிங் பேசினார். தூத்துக்குடி உறுப்பினர் கனிமொழி எழுந்து, தன் முன்னோர் ரிஷிகள் இல்லை, அறிவியல் சொல்கிறபடி ஹோமோ சேப்பியன்ஸ், தன் பெற்றோரோ சூத்திரர்கள் என்று பதில் சொன்னார். ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பது பழைய வழக்கு. அமைச்சர் பொறுப்பிலிருந்து வந்தவர் ரிஷியை மூலமாகக் காட்டினார். பெரியாரின் மண்ணிலிருந்து போனவர் மூலத்தைத் தோண்டிக் காட்டினார்.

இந்தியாவில் பரிணாமத்துக்கு வரும் எதிர்ப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது. பூமியின் வயது பற்றி இங்கே யாருக்கும் வருத்தமில்லை. எல்லாருக்கும் ஒரே மூதாதை, அந்த மூதாதைக்குக் கோத்திரம் கிடையாது என்பதுதான் சிலருக்குத் தொண்டையில் சிக்குகிறது.

எதிர்க்காமல் அணைத்துக்கொள்வது இன்னொரு உத்தி. ‘இதையெல்லாம் நம்மவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்.’ மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், குள்ள வாமனன், கோடரி ஏந்திய பரசுராமன் என்று தசாவதாரத்தை உயிரின வரலாறாக வாசிக்கும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1957இல் இந்தியாவுக்குக் குடியேறிய பரிணாம உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன்கூட, முதுகெலும்பு உயிர்களின் வரலாற்றுக்கு இது ஒரு தோராயச் சித்திரம்போல் இருப்பதைச் சுட்டியிருக்கிறார். அவருக்கு அது சுவாரசியமான ஒற்றுமை, அவ்வளவுதான். 2019 ஜனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர் தசாவதாரம் டார்வினைவிட மேலான கொள்கை என்றே பேசிவிட்டார்.

இந்த அணைப்பு இரண்டு தரப்பையும் மூச்சுமுட்ட வைக்கிறது. அறிவியல் பக்கம் பார்த்தால், மரமும் பூச்சியும் பறவையும் இல்லாத வரிசை அது. ஆமை தவளைக்குப் பதிலாக வந்து நிற்கிறது. புராணத்தின் பக்கம் பார்த்தாலும் நியாயமில்லை. பாகவதத்தின் முதல் ஸ்கந்தம் மூன்றாம் அத்தியாயத்தில் 22 அவதாரங்கள் எண்ணப்படுகின்றன. அங்கே முதலில் வருவோர் சனகாதி குமாரர்கள், இரண்டாவது பன்றி, மீன் பத்தாவது. பாகவதம் எழுதியவருக்கு விலங்கியல் வகுப்பு எடுக்கும் நோக்கம் இருந்ததில்லை. சைவர்களும் சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் தரும் பிறவிப் பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். புல்லும் புழுவும் மரமும் அதில் வருவது உண்மைதான். பாம்புக்குப் பிறகு கல் வருகிறது, மனிதனுக்குப் பிறகு பேயும் கணங்களும் வருகின்றன என்பதும் உண்மை. ஓர் உயிர் எத்தனை உடல் எடுத்து இளைத்தது என்ற முறையீடு அது. இனங்கள் எப்படிப் பிரிந்தன என்ற கேள்வியே அதற்குள் இல்லை. கண்ணீரோடு பாடியதை எடுத்துப் பாடநூல் அட்டவணை ஆக்குவது பாட்டுக்குச் செய்யும் மரியாதையா?

தசாவதார ஏணிக்குக் கேரளத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஏணிப்படி கணக்கில் வாமனன் முன்னேற்றம். நரசிம்மத்துக்கு அடுத்த படியாக முழு மனித வடிவம். ஓணக் கணக்கில் அதே வாமனன்தான் நல்லாட்சி நடத்திய மாவேலியின் தலையில் கால் வைத்துப் பாதாளத்துக்கு அழுத்தியவர். சிங்ஙம் மாதத்தில் மக்கள் பூக்களம் போட்டு வரவேற்பது மேலேறியவரை அல்ல, கீழே தள்ளப்பட்டவரை. நல்லேப்பிள்ளியில் தமிழ் பேசும் வீட்டு முற்றங்களிலும் அந்தப் பூக்களம் உண்டு.

பாதாளத்துக்குப் போன இன்னொருவரும் கேரளத்தில் இருக்கிறார். இடுக்கி மாவட்டம் கட்டப்பனைப் பகுதியில் கிடைத்த ஒரு தவளையை, எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தின் ஃப்ராங்கி போசுய்த்தும் 2003இல் ‘நேச்சர்’ இதழில் புதிய குடும்பமாகவே அறிவித்தார்கள். ஊதிய பலூன்போல் உடம்பு, ஊதா கலந்த கருநிறம், பன்றிக்கு இருப்பதுபோல் முன்னால் துருத்திய மூக்கு, மண்வெட்டி வேலை செய்யும் பின்கால்கள். ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கிடந்து கறையான் தின்னும். கோடையின் கடைசியில் முதல் கனமழை இறங்கும்போது ஆண் தவளை மண்ணுக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். சில நாட்கள் மட்டும் வெளியே வந்து இணை சேர்ந்து, ஓடையோரம் முட்டையிட்டு, மறுபடி உள்ளே போய்விடும். வெள்ளம் அடித்துப்போகாதபடி பாறையைக் கவ்விக்கொள்ள அதன் தலைப்பிரட்டைகளின் வாய் உறிஞ்சுகுழிபோல் அமைந்திருக்கிறது. அந்தத் தலைப்பிரட்டையை 1918லேயே விவரித்திருக்கிறார்கள். தாய் யாரென்று தெரிய இன்னும் எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இந்தத் தவளைக் குடும்பத்தின் நெருங்கிய உறவினர்கள் கேரளத்தில் இல்லை, இந்தியாவிலேயே இல்லை. சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் செய்ஷெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இரண்டு கால்வழிகளும் பிரிந்து ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகள் இருக்கும் என்பது அந்த ஆய்வின் கணிப்பு. இந்தியாவும் செய்ஷெல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்து, பின்பு விலகியதற்கு இந்தத் தவளை உயிருள்ள சாட்சி. கேரளத்தில் இதற்குப் ‘பாதாளத் தவளை’ என்றும் ‘மாவேலித் தவளை’ என்றும் பெயர். மாநிலத் தவளையாக அறிவிக்க வேண்டும் என்று காட்டுயிர் ஆர்வலர்கள் கேட்டதும் இந்தப் பெயரின் பலத்தில்தான்.

மாவேலி வருவது சிங்ஙத்தில், தவளை வருவது அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே. இந்தப் பொருத்தக் குறைவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, தவளையைக் காட்டி மாவேலி கதை நிரூபணமாகிவிட்டது என்று சொல்லவுமில்லை. ஆண்டுக்கொரு முறை மண்ணுக்கடியிலிருந்து வருகிற ஒன்றுக்கு மக்கள் தங்களிடம் இருந்த அன்பான பெயரைக் கொடுத்தார்கள். நம்பிக்கையும் உயிரியலும் இவ்வளவு இயல்பாக ஒரே இடத்தில் உட்கார்ந்த சந்தர்ப்பம் வேறு எதுவும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து இன்று பாதாளத்தில் இருக்கும் அந்தத் தவளையைப் பின்தங்கிய பிராணி என்று எந்தப் பரிணாம உயிரியலாளரும் சொல்லமாட்டார். அது எந்தப் படியிலும் நிற்கவில்லை. தனக்கு ஏற்ற இடத்தில் இருக்கிறது. டார்வினை ஒழுங்காகப் படித்தால் முதலில் உடைவது ஏணிதான்.

பாலக்காட்டுக்காரரான ஓ.வி. விஜயன் இதை 1969லேயே வேறொரு வழியில் தொட்டிருந்தார். ‘கசாக்கின் இதிகாசம்’ உருவான தஸ்ராக் கிராமம் நல்லேப்பிள்ளியிலிருந்து அதிக தூரமில்லை. இரண்டுக்கும் பனையும் காற்றும் பொது. ஓராசிரியர் பள்ளிக்கு வந்து சேரும் ரவி, தாம்பரத்தில் இயற்பியல் படித்து, உபநிடதத்தையும் வானியற்பியலையும் இணைத்து எழுதிப் பார்த்து, எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்தவன். பள்ளி வேண்டாம் என்று ஊர் மொல்லாக்கா ஒருபுறம் எதிர்க்கிறார். அந்த நாவலுக்குள் ஒரு குட்டிக் கதை வருகிறது. உயிரின் ஆதியில் இரண்டு உயிர்த்துளிகள், அக்காளும் தங்கையும், ஒரு மாலையில் நடக்கக் கிளம்புகின்றன. பசுமையான ஒரு பள்ளத்தாக்கில் அக்காள் நின்றுவிடுகிறாள், தங்கை மேலே நடந்துவிடுகிறாள். யுகங்கள் கழித்து அக்காள் செண்பக மரமாகி நிற்கும் இடத்துக்குப் பூப்பறிக்க ஒரு சிறுமி வருகிறாள். தன் கிளையை ஒடிக்கும் அந்தக் கை யாருடையது என்று மரத்துக்குத் தெரியும், சிறுமிக்குத் தெரியாது.

யூமா வாசுகியின் தமிழில் இதைப் படித்தவர்கள் பலர். அந்த மொழிபெயர்ப்புக்கு 2017ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. விஜயன் கர்மத்தையும் பரிணாமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார், ஒன்றால் மற்றொன்றை நிரூபிக்கப் பார்க்கவில்லை. நடந்துபோனவள் உயர்ந்தவள் ஆகவில்லை. மறதிதான் அவள் சேர்த்த சொத்து. பொது மூதாதை என்னும் அறிவியல் செய்தியிலிருந்து ஒரு துக்கத்தை எடுத்துக் காட்ட இலக்கியத்தால் முடிந்தது. தசாவதாரத்தை வைத்து மாநாட்டில் முழங்கியவர்களால் அது முடியவில்லை.

இதே வட்டாரத்தின் கத்தோலிக்கர்களுக்கு வேறு கதை. தமிழ் பேசும் மக்கள் மிகுந்த இந்தக் கிழக்குப் பகுதிக்கென்று கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானது. மறு ஆண்டு அக்டோபரில் போப் பிரான்சிஸ், பரிணாமம் படைப்புக்கு முரணானதல்ல, கடவுள் மந்திரக்கோல் சுழற்றும் வித்தைக்காரர் அல்லர் என்ற பொருளில் பேசினார். 1996இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டதென்று ஒப்புக்கொண்டிருந்தார். 1950இல் பன்னிரண்டாம் பயஸ், உடல் பரிணமித்தது என்று ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று எல்லை வகுத்தார். கவனமான, வழக்கறிஞர் கைபட்ட சமரசம். பெரும்பாலும் வேலையும் செய்கிறது. ஓரிடத்தில் மட்டும் இன்னும் உறுத்துகிறது. மனிதகுலம் முழுவதும் ஒரே ஆதாமிடமிருந்து வந்ததென்பதை பயஸ் விட்டுக்கொடுக்கவில்லை. மரபணுக்களோ நம் முன்னோர் கூட்டம் ஒருபோதும் இரண்டு பேராகக் குறுகியதில்லை, சில ஆயிரங்களுக்குக் கீழே போகவில்லை என்கின்றன. பாலக்காட்டு ராவுத்தர்களின் சமயத்திலும் அறிஞர் பலர், மற்ற உயிர்கள் பரிணமித்ததை ஏற்றுக்கொண்டு ஆதமை மட்டும் தனிப்படைப்பாக நிறுத்துகிறார்கள்.

துன்பத்தின் கேள்வி எல்லாச் சமயத்துக்கும் பொது. கம்பளிப்புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, பிறக்கும் குஞ்சுகள் அதை உயிரோடு உள்ளிருந்து தின்னும்படி ஒரு குளவியை அன்பான கடவுள் படைத்திருப்பாரென்று நம்பத் தன்னால் முடியவில்லை என 1860இல் டார்வின் தன் நண்பர், ஆழ்ந்த கிறிஸ்தவரான ஆசா கிரேக்கு எழுதினார். கிரே கடைசி வரை கிறிஸ்தவராகவும் டார்வினுக்கு அமெரிக்காவில் வாதாடியவராகவும் இருந்தார். இந்தக் கேள்விக்கு நம்மிடம் ஆயத்த விடை உண்டு: புழுவின் முன்வினை. கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது. அதே விடையைத்தான் கோயில் தெருவில் நடக்க விடப்படாதவர்களிடமும் சொன்னார்கள் என்பது நினைவுக்கு வரும்வரை.

1924இல் பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத் தெருவில் ஈழவர்கள் நடப்பது தடுக்கப்பட்டு, பெரிய தகராறானது. அது பழங்கதை என்பவர்களுக்கு: 2017இல் சிற்றூர் வட்டத்திலேயே, தமிழக எல்லையை ஒட்டிய கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் தமிழ் பேசும் அருந்ததியர் குடும்பங்கள் குடிநீரிலும் தேநீர்க் கடையிலும் சந்திக்கும் பாகுபாடு நாளிதழ்களில் வந்தது. நல்லேப்பிள்ளியின் பெயரே 2024 டிசம்பரில் செய்தியில் அடிபட்டது, அரசு யு.பி. பள்ளியில் கிறிஸ்துமஸ் கொண்டாடியதைத் தட்டிக்கேட்டு ஆசிரியர்களை மிரட்டியதாக விஸ்வ ஹிந்து பரிஷத்தைச் சேர்ந்த மூவர் கைதானார்கள். இந்தப் பகுதியில் நம்பிக்கையின் பேரால் நடந்த எந்த வம்பிலும் டார்வினுக்குப் பங்கில்லை. யார் யாரோடு சேரலாம் என்பதே ஒவ்வொரு முறையும் வழக்கு.

அந்த வழக்குக்கு உயிரியலின் மொழியில் தீர்ப்பு எழுதியவர் ஒரு சந்நியாசி. நாராயண குரு சாதியின் இலக்கணம் பற்றி எழுதிய சிறு செய்யுள் நூலில், எவை தம்முள் கூடிக் குட்டி ஈனுமோ அவையெல்லாம் ஒரே இனம் என்று வரையறுக்கிறார். பசுவுக்குப் பசுத்தன்மை சாதி என்றால் மனிதனுக்கு மனிதத்தன்மையே சாதி என்பது அவர் வாதம். குரு மறைந்தது 1928இல். ‘இனம்’ என்றால் தம்முள் இணைசேர்ந்து பெருகும் கூட்டம் என்று எர்ன்ஸ்ட் மயர் எழுதிய, இன்றும் உயிரியல் மாணவர்கள் படிக்கும் வரையறை 1942இல் வந்தது. குரு மயரை முந்திவிட்டார் என்று கொடி பிடிக்கத் தேவையில்லை; அது தசாவதாரத் தவறின் மறுபதிப்பாகிவிடும். கால்நடை வளர்க்கும் எவருக்கும் தெரிந்த ஒன்றை அவர் எடுத்து, எங்கே வலிக்குமோ அங்கே வைத்தார். பக்தியை விட்டுவிடாமலே வைத்தார் என்பதுதான் இங்கே முக்கியம்.

அவர் சொன்னதன் மறுபாதியை மரபணுக்கள் சொல்கின்றன. பிரியா மூர்ஜனி, கே. தங்கராஜ், டேவிட் ரைக் முதலானோர் 2013இல் 73 தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்தார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தத் துணைக்கண்டத்தில் எல்லாரும் எல்லாரோடும் கலந்திருக்கிறார்கள். பின்பு கதவுகள் சாத்தப்பட்டன. ஒரு கணவாய் சோலைக்கிளியைப் பிரித்ததுபோல் அகமணம் மனிதரைப் பிரிக்கப் பார்த்தது. இரண்டாயிரம் ஆண்டு முயன்றும் இனம் இரண்டாகவில்லை, நோய்கள்தான் சேர்ந்தன. 2017இல் வந்த தொடர் ஆய்வு 260க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள், பரம்பரை நோய்களுக்குப் பேர்போன அஷ்கெனாசி யூதர்களையும் ஃபின்லாந்துக்காரர்களையும்விடக் குறுகிய முன்னோர் கூட்டத்திலிருந்து வந்தவை. ஆந்திரத்தின் வைசியா சமூகத்தாரில் சிலருக்கு, அறுவை சிகிச்சையின்போது தசை தளரக் கொடுக்கும் மருந்து உடலில் சிதையாமல் தங்கிவிடுகிறது. அதைச் சிதைக்கும் நொதியின் குறைபாடு அந்தச் சமூகத்தில் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

அறிவியலுக்கும் இதில் சுத்தமான கை கிடையாது. பரிணாமத்தை ஏணியாக்கி அதில் சாதிகளை ஏற்றி நிறுத்திய வேலையை அதுவும் செய்திருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் கவைக்கோலை எடுத்துக்கொண்டு மாகாணம் முழுக்க மனிதர்களின் மூக்கை அளந்தார். அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. அன்று சிற்றூர் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. அந்த ராஜ்யத்தின் சாதிகளையும் பழங்குடிகளையும் 1909இலும் 1912இலும் இரண்டு தொகுதிகளாகத் தொகுத்தவர் பாலக்காட்டில் பிறந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர், பின்னாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியலை நிலைநாட்டியவர்களில் ஒருவர். மூக்கின் அகலத்துக்கும் குலத்தின் உயரத்துக்கும் கணக்குப் போட்ட அந்தக் காலத்து அறிவியல், ரிஷிமூலம் பேசியவர்களுக்கு எண்களில் எழுதித் தந்த சான்றிதழ்.

ஆகவே சமாதானம் பேச உட்காரும்போது, ஏணியை இரண்டு பக்கமும் வெளியே வைத்துவிட்டு வரவேண்டியிருக்கிறது. நம்பிக்கை மனிதப் பிறவியை உச்சிப்படி என்றும் அதற்குள் சிலரை இன்னும் உச்சி என்றும் சொல்லாதவரை, பரிணாமத்தோடு அதற்குத் தீராத பகை இல்லை. கொங்கு வேளாளர்களில் ஆந்தைக் கூட்டம், காடைக் கூட்டம், பனங்காடைக் கூட்டம் என்று பறவைப் பெயரில் குலங்கள் உண்டு. ஒரே கூட்டத்தார் பங்காளிகள், அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை. இந்த விலக்கில் மரபியலுக்கு ஒத்த விவேகம் இருக்கிறது. சிக்கல் அடுத்த வேலியில்; காடையோடு பெயரைப் பகிர்ந்துகொள்பவர்கள் பக்கத்துத் தெருவோடு பந்தியைப் பகிர்ந்துகொள்ள யோசித்த காலம் வெகு தூரத்தில் இல்லை.

நியூயார்க்கின் ஆசாரமான யூதர்களிடையே இதற்கு ஒரு நடைமுறை வழி பிறந்தது. டே-சாக்ஸ் என்னும் பரம்பரை நோய்க்கு அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ரப்பி ஜோசப் எக்ஸ்டைன், 1980களில் ‘தோர் யெஷோரிம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்து ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுவார்கள். வரன் பார்க்கும்போது இரண்டு எண்களையும் சொன்னால் பொருந்துமா பொருந்தாதா என்ற பதில் வரும். யாருக்கு என்ன குறை என்ற விவரம் வெளியே போகாது. ஜாதகம் பார்ப்பதுபோல்தான். 2017 ஆய்வை எழுதியவர்கள் இந்தியாவின் பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணங்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறார்கள். வேதத்தை ஓர் எழுத்து விடாமல் நம்பும் கூட்டம் மரபணுவியலை வீட்டுக்குள் அழைத்து உட்கார வைத்தது சிறிய காரியமில்லை. ஆனால் எக்ஸ்டைனின் ஏற்பாடு வேலியை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுகிறது. நாராயண குருவின் இலக்கணப்படி பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் அந்தப் பரிசோதனைக்கே அவசியம் வெகுவாகக் குறைந்துவிடும், என்ன கூட்டம் என்ன குலம் என்று தொடங்கும் தரகருக்கும் வேலை போய்விடும். கேரளத்திலும் தமிழகத்திலும் திருமண விளம்பரப் பத்திகளின் நீளத்தைப் பார்த்தால் அவருக்கு இப்போதைக்கு அந்தக் கவலை இல்லை.